பெற்றோல் வரிசையும் கிரிக்கெட்டும்: 2022இல் நாங்கள் மட்ச் பார்த்தது சரியா?

லோங்ஓன்

வருடம் முடியப்போகிறது, இதைக் கேட்காமல் விட மனமில்லை. இந்த வருடம் நாங்கள் இருந்து கிரிக்கெட் பார்த்தது சரியா? வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று ஏப்ரல் 12ஆம் திகதி நாடு கையை விரித்தது. ஜனவரியில் 177 ரூபாய்க்கு அடித்த பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபாய், அதுவும் கிடைத்தால். செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதம். இதற்கு நடுவில் அவுஸ்திரேலியா வந்து ஒரு மாதத்துக்கு மேல் நின்று விளையாடிவிட்டுப் போனது, டுபாயில் ஆசியக் கிண்ணம் வென்றோம், இப்போது ஜாஃப்னா கிங்ஸ் மூன்றாவது தடவையும் எல்பிஎல் (லங்கா பிரிமியர் லீக்) கிண்ணத்தைத் தூக்கிவிட்டது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழையே இல்லை. "சனத்தின் கவனத்தைத் திருப்பத்தான் மட்ச் வைத்தார்கள்" என்று சொல்பவர்கள் அந்த மட்சுகளைப் பார்த்திருக்கமாட்டார்கள். ஜூன் 24, பிரேமதாச மைதானம், கடைசி ஒருநாள் போட்டி. தொடரை நாங்கள் ஏற்கனவே வென்றாகிவிட்டது, சொந்த மண்ணில் அவுஸ்திரேலியாவிடம் 1992க்குப் பிறகு முதல் தடவை. அன்றைக்குச் சனம் அவுஸ்திரேலியாவின் மஞ்சள் உடுப்போடு வந்து, அன்று தோற்றபிறகும் போகாமல் நின்று, எங்களை வென்ற அணிக்கு நன்றி சொல்லிக் கத்தியது. மக்ஸ்வெல்லும் மற்றவர்களும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துக்கொண்டு கை காட்டினார்கள். கவனம் திரும்பிய சனமா அது? தங்கள் நிலைமை என்னவென்று நன்றாகத் தெரிந்த சனம். இந்த நேரத்தில் ஒருவன் எங்களை நம்பி வந்தானே என்பதற்குத்தான் அந்த நன்றி.

வலிகாமம்

லோங்ஓன் அண்ணை, "நாங்கள்" என்று எழுதுகிறீர்கள், அதில் யார் யார் என்று முதலில் பார்ப்போம்.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் இந்த வருடம் நான் அதிகம் கேட்ட வசனம் "இதெல்லாம் நாங்கள் எப்பவோ பார்த்தாச்சு" என்பதுதான். 1990க்குப் பிறகு பெற்றோல் தடை, பற்றரி தடை, சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடு. மோட்டார் சைக்கிளுக்கு நாலு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஜாம் போத்தல் விளக்கில் ஒரு தலைமுறையே படித்தது. 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடக்கும்போது வலிகாமத்துச் சனத்தில் பாதி தென்மராட்சியிலும் வன்னியிலும் அகதியாக இருந்தது. நாங்கள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மாறி ஒருவர் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். கை உளைந்து மெதுவாகச் சுற்றினால் வர்ணனையாளரின் குரல் அடங்கிப்போகும், உடனே எல்லாரும் சேர்ந்து சுற்றுகிறவனைப் பேசுவார்கள். அரவிந்த சதம் அடித்தபோது சந்தோஷப்பட்டோமா? பட்டோம். அதே கிழமை தலைக்கு மேலே பறந்தது யாருடைய விமானம் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே மனதுக்குள்தான் இருந்தன, அதை யாரும் வந்து கேட்கவில்லை.

இந்த வருடம் கொழும்பில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு என்றதும் உலகப் பத்திரிகையெல்லாம் வந்தது. சரி, வரட்டும். ஆனால் எங்களிடம் வந்து "மட்ச் பார்த்தது சரியா" என்று கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

கொட்டாஞ்சேனை

வலிகாமம் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இந்த வருடம் கொழும்பில் இருந்து பார்த்தவனாக ஒன்று சொல்லவேண்டும். மே 18 காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுக்குக் கஞ்சி கொடுத்தார்கள், நான் அங்கே நின்றேன். சிங்களப் பெடியள் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள். எத்தனை பேருக்கு முழுக்க விளங்கியது என்று தெரியாது, ஆனால் இப்படியொன்று அந்த இடத்தில் நடக்கும் என்று போன வருடம் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்கமாட்டேன்.

கிரிக்கெட்டுக்கு வருவோம். கொழும்பில் ஜூன் மாதம் பெற்றோல் செட் வரிசை என்றால் என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இரவில் ஓட்டோவுக்குள்ளேயே படுக்கை. வரிசையில் பத்துப் பேருக்கு ஒரு போன், அதில் மட்ச். ஜூன் 21 நாலாவது ஒருநாள் போட்டி கடைசி ஓவரை நான் அப்படித்தான் பார்த்தேன். அவுஸ்திரேலியாவுக்கு 19 ஓட்டம் வேண்டும், கடைசிச் சோடி, பந்து எங்கள் தலைவர் சானக்கவின் கையில். குனெமன் என்று புதுப் பெடியன் ஒருவன், பந்துவீச்சாளன், மூன்று பவுண்டரி அடித்துவிட்டான். கடைசிப் பந்துக்கு ஐந்து ஓட்டம். எனக்கு முன்னால் இருந்த ஓட்டோக்காரர் போனைத் தன் பக்கம் திருப்பிவிட்டார், எங்களுக்குப் படம் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் பிடி எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அந்த வரிசையில் கத்தினவனில் தமிழன், சிங்களவன், முஸ்லிம் எல்லாரும் இருந்தார்கள், எவனுடைய டாங்கியிலும் பெற்றோல் இல்லை.

பழைய வீரர் ரொஷான் மஹாநாம அந்த வரிசைகளில் தேநீரும் பணிஸும் கொண்டுவந்து கொடுத்தார், படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சாமிக்க கருணாரத்ன இரண்டு நாள் வரிசையில் நின்றுதான் காருக்குப் பெற்றோல் அடித்தேன், பயிற்சிக்குப் போகமுடியவில்லை என்று கமராவுக்கு முன்னால் சொன்னார். தேசிய அணிக்காரனுக்கே இந்தக் கதி.

தேயிலைக்கொழுந்து

சாமிக்கவுக்கு கார் இருக்கிறது. வரிசையில் நிற்க அவருக்கு ஒரு வாகனமாவது இருந்தது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பகிடி பண்ணினார்கள்.

எங்கள் பக்கம் நிலைமை வேறு. பெற்றோல் விலையை விட மண்ணெண்ணெய்தான் பிரச்சினை. ஓகஸ்ட்டில் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனது. நாட்சம்பளம் அந்த நேரம் ஆயிரம் ரூபாய், அதுவும் முழுக் கொழுந்து எடுத்தால். கோதுமை மா விலை ஏறினால் எங்களுக்கு அது நேராகச் சாப்பாட்டில் இடிக்கும், ரொட்டிதான் பிரதான உணவு. இதைப் பற்றி எந்த மேடையிலும் பெரிதாக யாரும் கத்தவில்லை.

பல்லேகலவில் ஜூன் 11 நடந்த இருபது20 எங்களுக்குப் பக்கத்தில்தான். கடைசி மூன்று ஓவரில் 59 ஓட்டம் தேவை, தசுன் சானக்க 25 பந்தில் 54 அடித்து ஒரு பந்து மிச்சம் இருக்க வென்றார். நல்ல ஆட்டம்தான், நானும் துள்ளினேன். ஆனால் ஒரு கேள்வி. இரவு மட்சுக்குப் பெரிய விளக்குக் கோபுரமெல்லாம் எரிந்தது. அது ஜெனரேட்டரில் எரிந்தது என்றே வைத்துக்கொள்வோம், டீசல் எங்கிருந்து வந்தது? அதே கிழமை எங்கள் ஊருக்கு பஸ் ஓடவில்லை, டீசல் இல்லை என்றார்கள். பகலில் வைத்திருக்கலாமே? தொலைக்காட்சிக்காரனுக்கு இந்திய நேரத்தில் இரவு வேண்டும், அதுதான் உண்மை. மட்ச் வைத்ததை விட இரவில் வைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

லோங்ஓன்

கொழுந்து, நியாயமான கேள்வி. ஆனால் தொலைக்காட்சிக் காசுதானே கிரிக்கெட் சபையின் டொலர். அந்த நேரம் நாட்டில் டொலர் வந்த வழிகள் எத்தனை? உல்லாசப் பயணி இல்லை, ஏற்றுமதி தள்ளாட்டம், வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வங்கியால் அனுப்பாமல் உண்டியலில் அனுப்பினார்கள். கிரிக்கெட் சபை மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கும் சிறுவர் வைத்தியசாலைக்கும் மருந்து வாங்க 20 லட்சம் டொலர் கொடுத்தது. மட்ச் நடக்காவிட்டால் அதுவும் இல்லை. அவுஸ்திரேலிய வீரர்களும் தங்கள் பரிசுப் பணம் 45,000 அவுஸ்திரேலிய டொலரை யுனிசெப் மூலம் இங்குள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

1996ஐ வலிகாமம் எடுத்ததால் சொல்கிறேன். மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு கொழும்புக்கு வரமாட்டோம் என்று புள்ளியை விட்டுக்கொடுத்த இரண்டு அணிகளில் ஒன்று இதே அவுஸ்திரேலியா. அப்போது இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து ஒரே அணியாக பிரேமதாசவில் வந்து விளையாடின, அதை இன்று நினைத்தாலும் நம்பமுடியாது. இந்த முறை அதே அவுஸ்திரேலியா வந்தது. சனம் மஞ்சள் போட்டதற்கு இந்தப் பழைய கணக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

குளிர்தேசம்

கனடாவில் இருந்து எழுதுகிறேன். ஜூலை 9 மறக்கமுடியாது. ஒரு திரையில் காலி மைதானத்தில் அவுஸ்திரேலியாவோடு டெஸ்ட், மற்றத் திரையில் கொழும்பு. இங்கே விடியப்புறம், எங்கள் வீட்டில் ஒருவரும் படுக்கவில்லை. சனம் ரயிலைப் பிடித்துக் கொழும்புக்கு வருகிறது, ஜனாதிபதி மாளிகைக்குள் போய் நீச்சல் தடாகத்தில் குளிக்கிறது. காலியில் கோட்டை மதிலில் கொடியோடு கூட்டம், கீழே பட் கம்மின்ஸ் ஓடிவந்து பந்து போடுகிறார். "வீட்டுக்குப் போ" என்ற கோஷம் மைதானத்துக்குள் கேட்டது. ஆட்டம் நிற்கவில்லை. சனத் ஜயசூரிய கொழும்பில் போராட்டக் கூட்டத்தோடு நிற்கிறார்.

இரண்டு நாள் கழித்து சந்திமால் 206 ஆட்டமிழக்காமல், முதல் டெஸ்ட் ஆடிய பிரபாத் ஜயசூரியவுக்கு 12 விக்கெட், இன்னிங்ஸ் வெற்றி. 13ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய மாலைதீவுக்குப் பறந்தார். உலகத்தில் வேறெங்காவது ஒரு டெஸ்ட் மட்ச் முடிவதற்குள் ஒரு ஆட்சி இப்படி ஆட்டங்கண்டிருக்கிறதா?

புலம்பெயர்ந்த எங்களில் சில பேர் இலங்கை அணி தோற்றால்தான் சந்தோஷப்படுவார்கள், அவர்களோடு எனக்கு வருடக்கணக்காகச் சண்டை. இந்த வருடம் அவர்களும் காலி மட்சை விடாமல் பார்த்தார்கள். ஆனால் ஸ்கோருக்காகப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வலிகாமம்

குளிர்தேசம், மதிலில் நின்ற சனத்தைக் கமரா காட்டியது. எங்கள் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் 2017இலிருந்து கிளிநொச்சியில் வெயிலில் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு டெஸ்ட் மைதானம் இருந்திருந்தால் கமரா வந்திருக்குமோ என்னவோ. நான் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, கோஷம் மைதானத்துக்குள் கேட்டது என்கிறீர்கள், எந்தச் சனத்தின் குரல் கேட்கும் என்பது மைதானம் எங்கே இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. ஜாஃப்னா கிங்ஸ் மூன்று கிண்ணம் வென்ற அணி. யாழ்ப்பாணத்தில் ஒரு எல்பிஎல் மட்சாவது நடந்ததா? ஹம்பாந்தோட்டை, பல்லேகல, கொழும்பு. அந்த அணியில் ஆடும் எங்கள் யாழ்ப்பாணத்துப் பெடியன் வியாஸ்காந்த் பந்து போடுவதைப் பார்க்க எங்கள் பெடியள் எத்தனை மணித்தியாலம் பஸ் ஏறவேண்டும்?

கொட்டாஞ்சேனை

அது நூற்றுக்கு நூறு.

வீரர்கள் வாய் திறந்த கதையையும் யாராவது எடுப்பீர்கள் என்று பார்த்தேன். ஏப்ரல் தொடக்கத்தில் சங்கக்கார, மஹேல, பானுக ராஜபக்ச, ஹசரங்க எல்லாரும் சமூக வலைத்தளத்தில் மக்கள் பக்கம் எழுதினார்கள். 1996இல் அணித் தலைவராக இருந்த அர்ஜுன ரணதுங்க இன்னும் ஒரு படி மேலே போய், ஐபிஎல் விளையாடும் பெடியள் ஒரு வாரம் அதை விட்டுவிட்டு வந்து போராட்டத்தில் நிற்கவேண்டும் என்றார். அவருடைய தம்பி பிரசன்ன அதே அரசாங்கத்தில் அமைச்சர், அது வேறு கதை. அதுவரை விளையாட்டு அமைச்சர் நாமல் ராஜபக்ச. சபையும் ஒப்பந்தமும் அந்த அமைச்சின் கீழ். இருபத்திரண்டு வயதுப் பெடியன் ஒருவனிடம் போய் "ஏன் பேசவில்லை" என்று கேட்பது லேசு.

எனக்குப் பிடித்தது பழைய வேகப்பந்து வீச்சாளர் தம்மிக பிரசாத் செய்தது. காலிமுகத்திடலில் 24 மணித்தியாலம் உண்ணாவிரதம் இருந்தார், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் செத்தவர்களுக்கு நீதி கேட்டு. எங்கள் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் என்ன நடந்ததென்று தெரிந்தவர்களுக்கு அது பெரிய விஷயம்.

தாச்சி

கனநேரமாக வாசிக்கிறேன். முழுக்க ஆண்கள் கிரிக்கெட்.

செப்டெம்பர் 11 என்ன நாள்? "ஆசியக் கிண்ணம்" என்பீர்கள். 58க்கு 5 விக்கெட் போனது, பானுக 71 அடித்தது, மதுஷங்க முதல் பந்தைச் சரியாகப் போட்டு முடிப்பதற்குள் உதிரியாகவே 9 ஓட்டம் கொடுத்தது, ஆனாலும் 23 ஓட்டத்தால் வென்றது எல்லாம் மனப்பாடமாகச் சொல்வீர்கள். அதே நாள் சிங்கப்பூரில் எங்கள் வலைப்பந்தாட்டப் பிள்ளைகள் சிங்கப்பூரை 63க்கு 53 என்று வென்று ஆசியச் சம்பியன் ஆனார்கள். ஒரு தோல்வியும் இல்லாமல். கிரிக்கெட் அணி முதல் மட்சில் ஆப்கானிஸ்தானிடம் 105க்குச் சுருண்டுதான் தொடங்கியது. இரண்டு அணியையும் திறந்த பஸ்ஸில் கட்டுநாயக்கவில் இருந்து கொழும்புக்குக் கூட்டிவந்தார்கள், அதற்குப் பிறகு யார் விளம்பரத்தில் வருகிறார்கள் என்று பாருங்கள்.

தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 2019 உலகக் கிண்ணத்தில் உலகத்திலேயே அதிக கோல், 348. அவர் பெயரை இந்த இழையில் இதுவரை ஒருவரும் எழுதவில்லை. வலிகாமம், நீங்கள்கூட!

யுபுன் அபேகோனையும் விட்டுவிட்டீர்கள். ஜூலை 3, சுவிட்சர்லாந்தில் 100 மீற்றர் 9.96 செக்கன். தெற்காசியாவில் பத்துக்குக் கீழே ஓடிய முதல் மனிதன். இந்தியாவில் நூற்று நாற்பது கோடிச் சனம் இருந்தும் வரவில்லை, எண்ணெய்க்கு வரிசையில் நின்ற எங்கள் நாட்டில் இருந்து வந்தது. ஒரு மாதம் கழித்து பேர்மிங்ஹாமில் வெண்கலம். அந்தக் கிழமை நாடு முழுக்க பெற்றோல் அடிக்கக் கியூஆர் கோட் எடுக்கிற அவசரத்தில் இருந்தது, சந்தோஷப்பட நேரமில்லை.

தேயிலைக்கொழுந்து

பேர்மிங்ஹாம் என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருமே. பொதுநலவாயப் போட்டிக்குப் போனவர்களில் 10 பேர் திரும்பி வரவில்லை.

தாச்சி

வருகிறது. அதில்தான் சனத்தின் நாக்கைப் பார்த்தேன். முகநூலில் முதல் நாள் "நாட்டின் மானம் போச்சு" என்று எழுதினார்கள். அடுத்த நாளே அதே ஆட்கள் "அடுத்த முறை என்னையும் மல்யுத்த அணியில் போடுங்கோ, பையாவது தூக்குகிறேன்" என்று பகிடி. பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு முன்னால் பத்தரமுல்லையில் விடியவிடியச் சனம் படுத்துக் கிடந்த மாதங்கள் அவை. அந்தப் பத்துப் பேரைத் திட்டினவர்களில் எத்தனை பேர் அந்த வரிசையில் நின்றார்கள் என்று கணக்கெடுத்தால் தெரியும்.

எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. யூடோ, மல்யுத்தம் மாதிரி விளையாட்டுக்கு இங்கே என்ன சம்பளம், என்ன பயிற்சி, என்ன சாப்பாடு? நல்ல காலத்திலேயே கை நனையாது. முட்டை விலை ஏறிய வருடத்தில் பயிற்சி எடுக்கிற ஒரு பிள்ளைக்குப் புரதம் எங்கிருந்து வரும்? கிரிக்கெட்காரன் டொலரில் ஒப்பந்தம் போட்டுத் தப்பிக்கலாம், இவர்களுக்கு விமானத்தில் திரும்பாமல் விடுவதுதான் ஒரே ஒப்பந்தம்.

லோங்ஓன்

தாச்சி, அது சட்டவிரோதம் என்பதையும் சொல்லவேண்டும். அடுத்த தடவை போகிற பிள்ளைகளுக்கு விசா கொடுக்கமாட்டான். நேர்மையாக விளையாடுகிறவன்தான் அடிவாங்குவான்.

தாச்சி

சொல்லுங்கோ. ஆனால் டுபாயில் போய்த்தான் ஆசியக் கிண்ணத்தை நடத்த முடிந்தது, எங்கள் நாட்டில் நடத்தவேண்டிய போட்டி. சபையே வெளிநாடு போனால் அது இடமாற்றம், மல்யுத்தக்காரன் போனால் மானப் பிரச்சினை.

குளிர்தேசம்

ஐயோ, இதற்கு லோங்ஓன் பதில் சொல்லமாட்டார். 😄

லோங்ஓன்

சொல்வேன். போட்டியை நடத்தும் உரிமை எங்களிடம்தான் இருந்தது. காசும் கொஞ்சம் எங்களுக்கு வந்தது. ஒரேயடியாக இல்லாமல் போவதை விட அது மேல். ஆனால் விளையாட்டு நிதியில் வலைப்பந்துக்கும் தடகளத்துக்கும் பங்கு போதாது என்பதில் உங்களோடு சண்டையில்லை. கிரிக்கெட் சபை மற்ற விளையாட்டுக்கும் நிரந்தரமாக ஒரு வீதம் கொடுக்கவேண்டும், நெருக்கடி வந்தால் மட்டும் காசோலை எழுதி படம் எடுத்துப் போடுவதல்ல.

வலிகாமம்

சரி, லோங்ஓனின் முதல் கேள்விக்கு என் பதில்: பாருங்கோ, யார் வேண்டாம் என்றது. நானும் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி பார்த்தேன், பானுகவுக்குக் கை தட்டினேன். ஆனால் "கிரிக்கெட் நாட்டை ஒன்றாக்கியது" என்று டிசம்பர் மாதக் கட்டுரைகளில் எழுதுகிறார்களே, அதை மட்டும் எனக்கு வாசிக்கத் தராதேயுங்கோ. 1996லும் இதைத்தான் எழுதினார்கள். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் யுத்தம் நடந்தது.

கொட்டாஞ்சேனை

நான் ஒன்றாக்கியது என்று சொல்லவில்லை மச்சான். வரிசையில் நின்ற பத்துப் பேர் ஒரு போனைப் பார்த்தோம் என்றுதான் சொன்னேன். அடுத்த நாள் பெற்றோல் வந்ததும் அதே பத்துப் பேர் முன்னுக்குப் போகச் சண்டை பிடித்தோம்.

தேயிலைக்கொழுந்து

தாச்சி, அந்த வலைப்பந்து இறுதிப் போட்டி முழுதாக எங்காவது பார்க்கக் கிடைக்குமா? தங்கச்சி பாடசாலை அணியில் கோல் ஷூட்டர், கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

தாச்சி

என்னிடம் இருக்கிறது, தனிமடலில் அனுப்புகிறேன். கடைசிக் கால்வாசியை முதலில் போட்டுக் காட்டுங்கோ, சிங்கப்பூர் கிட்ட வரும்போது எங்கள் பிள்ளைகள் பந்தை அவசரப்படாமல் சுற்றிச்சுற்றி எடுக்கும் விதத்தைப் பார்க்கச் சொல்லுங்கோ.